புகை போடாத தேன்

வரிசை நகரவில்லை. ரத்கோ தேன்குடத்தை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். காறித் துப்பலாம் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினான், இங்கே துப்புவதற்கும் ஒரு சட்டம் இருக்கும், எதற்குத்தான் இல்லை இவர்களிடம். முன்னால் உப்பு வண்டிகள். அதற்கு முன்னால் கூண்டில் பருந்தோடு ஒருத்தன். அதற்கும் முன்னால் இரண்டு நெருப்பு. பார்க்காதே. பார்க்கவில்லை. உப்பு வண்டியின் சக்கரத்தைப் பார்த்தான், சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தான், மண்ணில் சிக்கியிருந்த புல்லைப் பார்த்தான், புல்லுக்குப் பின்னால் ஏதோ ஆடியது, அது நெருப்பு. வோல்கா ஆற்றங்கரையில் மங்கோலியர்களின் பாளையம் இது. வெளியாள் எவன் வந்தாலும், ரத்கோவைப் போல ருஸ் நாட்டுக்காரனோ, புல்வெளிக் கிப்சாக்கோ, மாடோ, மூட்டையோ, இரண்டு நெருப்புக்கு நடுவே புகுந்துதான் உள்ளே போகவேண்டும். நெருப்பை ஒட்டி இரண்டு ஈட்டி நட்டு, ஈட்டி முனைகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி, கயிற்றில் கந்தல் துணிகள் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி நின்று, தண்ணீரைத் தெளித்து என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நெருப்பு அழுக்கை எடுத்துவிடுமாம். மனசில் இருக்கும் கெட்ட எண்ணத்தையும் எடுத்துவிடுமாம். ஊரையே எரித்தவர்களுக்கு அடுத்தவன் மனசில் இருக்கும் கெட்ட எண்ணத்தின் மேல் எவ்வளவு பயம். ரத்கோவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூட வந்த தோக்துர் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னான். "குடத்தைக் கெட்டியா புடிச்சுக்க, கிழவா. அங்க நடுவுல எது விழுந்தாலும் அந்தப் பொம்பளைங்களுக்குச் சொந்தம். நீ விழுந்தா நீயும்."

சாணப் புகை. அதை முதலில் மூக்கு சொன்னது, அப்புறம்தான் மனசு கேட்டது. இந்தப் புல்வெளியில் மரம் ஏது, காய்ந்த சாணத்தைத்தான் எரிக்கிறார்கள். மரப்புகை இல்லை. மரப்புகை வேறு. அன்றைக்கு எரிந்தது மரம். கோட்டைச் சுவர் மரம், வீடு மரம், கோயில் மரம், தெருவில் நடக்கப் போட்டிருந்த பலகையும் மரம். இது சாணம். இது வேறு. அன்றைக்கு ரத்கோ காட்டில் இருந்தான், பைன் மரத்தின் உச்சியில், இடுப்பில் கயிற்றோடு, பொந்துக்குள் கையை விட்டபடி. தேன் எடுக்கும் கடைசி நாட்கள், இலை பழுத்துவிட்டது. கையில் புகைச்சட்டி. தூரத்தில் வானத்தில் கருப்பாக ஒன்று எழுந்தபோது தன் சட்டியின் புகைதான் கண்ணில் படர்கிறது என்று நினைத்துச் சட்டியை நகர்த்திப் பிடித்தான். கருப்பு நகரவில்லை. அந்த ஒரு கணம்தான் இத்தனை வருஷமும் திரும்பத் திரும்ப வருகிறது, ஊர் எரிந்ததுகூட இல்லை, சட்டியை நகர்த்திப் பிடித்தது. நகர்த்தினால் போய்விடும் என்று நினைத்தது. ஓடி வந்து சேர்ந்தபோது எரிவதற்கு மிச்சம் இல்லை. பெண்சாதியைச் சாம்பலில் கண்டுபிடித்தான், எப்படி என்பதை யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையைக் கண்டுபிடிக்கவில்லை. மகள் லுபாவா. முன்பல் இரண்டும் விழுந்து, சிரிக்கும்போது நாக்கு வெளியே எட்டிப் பார்க்கும் வயசு. சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தான். கிடைக்கவில்லை. கிடைக்காதது நல்லதா கெட்டதா என்று அன்றைக்குத் தெரியவில்லை, அதற்கடுத்த வருஷமும் தெரியவில்லை. அதன் பிறகு அவன் அடுப்பு மூட்டியதில்லை. குளிரில் பக்கத்து வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துச் சூடு வாங்குவான், உள்ளே போகமாட்டான். கஞ்சியை அவர்கள் கொண்டு வந்து வைப்பார்கள், அது ஆறி, மேலே ஆடை கட்டின பிறகு குடிப்பான். புகை போடாமல் தேன் எடுத்தான். புகை போடாமல் பொந்துக்குள் கையை விட்டால் தேனீக்கள் சும்மா விடுமா. மூஞ்சி பூசணிக்காய் போல வீங்கி ஊருக்குள் வருவான், வருஷம் போகப் போக வீக்கம் முழுசாக வற்றவே இல்லை. புதுசாகக் கட்டின ஊர், பாதி ஆட்கள் புதியவர்கள். வர்றாரு பாரு பூசணிக்காய் என்பார்கள். சொல்லட்டும். தேன் நன்றாக இருந்தது. புகை நெடி இல்லாத தேன் என்று வியாபாரிகள் தேடி வந்தார்கள், பைத்தியக்காரத்தனத்துக்கும் ஒரு சந்தை இருக்கிறது.

வண்டி ஒன்று நகர்ந்தது. நின்றது. அந்தத் தேனைத் தேடி வந்தவன்தான் இந்தத் தோக்துர். கிப்சாக்கு. குதிரை விற்பவன். வாயை மூடத் தெரியாதவன். ரத்கோவின் தகப்பனைக் கொன்றது கிப்சாக் அம்பு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு அறுப்புக்கும் புல்வெளியிலிருந்து வருவார்கள், தானியத்தைத் தூக்குவார்கள், பெண்களைத் தூக்குவார்கள், அடுத்த வருஷம் ருஸ் இளவரசன் ஒருவன் போய் அவர்கள் கூடாரங்களைத் தூக்கிக்கொண்டு வருவான், அதற்கடுத்த வருஷம் இரண்டு பேரும் சம்பந்தி ஆவார்கள். இப்படியே போய்க்கொண்டிருந்தது, இப்படியே போகும் என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் கிழக்கிலிருந்து மங்கோலியர் வந்தார்கள், எல்லாரையும் ஒரே துடைப்பத்தால் கூட்டித் தள்ளினார்கள். தோக்துரின் தம்பிகள் இரண்டு பேரைத் தெற்கே கடல் துறைமுகத்தில் விற்றார்கள், கப்பலில் எகிப்துக்குப் போய்விட்டார்கள். அங்கே ராஜாவுக்குச் சிப்பாயா இருப்பானுங்க, என்னைவிட நல்லா சாப்பிடுவானுங்க என்று தோக்துர் சிரித்துக்கொண்டே சொல்வான். எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான், ஆனால் எகிப்திலிருந்து வந்த எந்த வியாபாரியைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் விசாரிப்பான், விலையைப் பற்றி அப்புறம்தான். அதை ரத்கோ கவனித்திருந்தான். கவனித்ததிலிருந்து தகப்பன் மேல் பாய்ந்த அம்பை அவ்வளவாக நினைப்பதில்லை. போன வருஷம் தோக்துர் இந்தப் பாளையத்தில் தேன் விற்கும்போது ஒரு பெண் வந்தாளாம். ஒரு மேய்ப்பனின் மனைவி. தேனைப் பார்க்கவில்லையாம், குடத்தின் மூடியைப் பார்த்தாளாம். ஒவ்வொரு தேன்காரனும் தன் மரத்தில் கோடாலியால் ஒரு குறி வெட்டி வைப்பான், குடத்திலும் மூடியிலும் அதே குறி. ரத்கோவுடையது காக்கைக்கால், நடுவிரல் மட்டும் கோணல். அந்தக் கோணலை அவள் விரலால் தடவினாளாம். லுபாவாவும் குழந்தையில் ஒவ்வொரு குடத்திலும் அப்படித்தான் தடவுவாள், கையைத் தட்டிவிட்டாலும் மறுபடி தடவுவாள். அந்தப் பெண் மூடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம். திருப்பித் தரவில்லையாம். என்ன சொன்னாள் என்று ரத்கோ கேட்டான். ஒண்ணும் சொல்லல என்றான் தோக்துர். பேர் கேட்டியா. கேட்டேன், அதுக்கும் ஒண்ணும் சொல்லல. வேறு எதிலும் பத்து வார்த்தைக்குக் குறையாமல் பேசுகிறவன், இதில் மட்டும் இரண்டே வார்த்தை.

ஒண்ணும் சொல்லல. இதைப் பிடித்துக்கொண்டுதான் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தான். ஒன்றும் சொல்லாதவள் வரச்சொல்லவும் இல்லை. வராதே என்றும் சொல்லவில்லை. மூடியை எடுத்து வைத்துக்கொண்டது ஆசையாலா, இல்லை அடுப்புக்குத் தேவைப்பட்டதா. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவள் இப்போது அவள் தாய் இருந்த வயசைத் தாண்டியிருப்பாள். மங்கோலியப் பேச்சில் கனவு காண்பாள். எரிகிற ஊரில் அவள் அப்பா என்று கூப்பிட்டபோது அப்பா மரத்தின் மேல் இருந்தான், அது அவளுக்கு எப்படித் தெரியும், வரவில்லை என்பதுதான் தெரியும். வருஷக்கணக்கில் ஒரு பிள்ளை அதை நினைத்து நினைத்து அதை என்னவாக்கி வைத்திருக்கும். கல்லாக. கல்லாகத்தான். வாசலில் ஒரு வீங்கின மூஞ்சிக் கிழவன் வந்து நின்றால் யாரையா நீ என்பாள், அதுவும் அவர்கள் பேச்சில், தோக்துர் அதைச் சிரித்துக்கொண்டே மொழிபெயர்ப்பான். புருஷன் எப்படிப்பட்டவனோ. ஊரை எரித்தவர்களில் ஒருத்தனா என்று வழியில் ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டான். அப்ப அவன் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த பொடியன், நம்ம கிப்சாக் ஜனம்தான், பாதி மங்கோலியனாயிட்டான், யாருதான் ஆகல என்றான் தோக்துர். ஊர்ப் பாதிரியார் வேறு. அந்த நெருப்புக்கு நடுவே நடப்பது சாத்தானுக்குக் கும்பிடு போடுவது, ஓர் இளவரசர் மாட்டேன் என்று நின்று உயிரை விட்டார், தெரியுமா என்றார். தெரியும். இளவரசருக்கு அங்கே உள்ளே மகள் இருந்தாளா என்று ரத்கோ கேட்டான். பாதிரியார் சிலுவையைத் தடவிக்கொண்டார், புறப்படும்போது வழிக்கு என்று ஒரு ரொட்டியை நீட்டினார். கடவுள் பார்த்துக்கொள்வார், ரத்கோ மரத்தின் மேல் இருந்தபோது பார்த்துக்கொண்டிருந்தவர்தானே. அவனுக்குப் பாவத்தைப் பற்றிய பயமே இல்லை. நெருப்பைப் பற்றிய பயம்தான். அது மட்டும்தான். அது போதும்.

பருந்துக்காரன் உள்ளே போகிறான். கூண்டு ஒரு பக்கம் சாய்ந்து, பருந்து இறகடித்து, தோளில் தொங்கிய மூட்டையிலிருந்து ஒரு தோல்பை நடுவில் விழுந்தது. குனியப் போனான். இடப்பக்கத்துப் பெண் கையை நீட்டி அதை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள், கோபமும் இல்லை சந்தோஷமும் இல்லை, மழை விழுந்த இடத்தில் விழுந்தது என்பது போல. இப்போது குடத்தைப் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. இது போனால் கையில் எதைக் கொண்டு போய் அவள் முன்னால் நிற்பது. ஒரு தரம் வராமலே இருந்தாயிற்று, இந்தத் தரம் வெறுங்கையோடு வருவதா. உப்பு வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின, மாடுகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு போயின, மாட்டுக்கு இருக்கிற தைரியம். பின்னால் ஒரு தோல் பதனிடுகிறவன், அவன் பின்னால் மலைநாட்டுக் கொல்லன் ஒருவன், யார் யாரோ, ஒரு காலத்தில் ஒருத்தனை ஒருத்தன் கண்டால் வில்லை எடுத்திருப்பார்கள், இப்போது எல்லாரும் ஒரே வரிசையில் ஒரே மாதிரி அவமானப்பட்டுக்கொண்டு நிற்கிறார்கள், கொல்லன் கொறிக்க ஏதோ கொடுக்கிறான், தோல்காரன் வாங்கிக்கொள்கிறான். "போ," என்றான் தோக்துர். ரத்கோ போகவில்லை. கால் போகவில்லை. சூடு முகத்தில் பட்டது, முகத்தின் தோல் இறுகியது. சாணம். சாணப்புகை. இது வேறு. இது வேறு இல்லை. சூடு ஒன்றுதான். நெருப்புக்கு எதை எரிக்கிறோம் என்று தெரியாது. பின்னால் தோல்காரன் என்னவோ முனகினான், வலப்பக்கத்துப் பெண் முணுமுணுப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தோக்துர் காதருகே வந்தான். இந்த முறை சிரிக்கவில்லை. "எனக்கு எகிப்து தூரம், கிழவா. உனக்கு இதோ இருக்கு."

புகை காற்றில் மடங்கி முகத்தில் அடித்தது. கண்ணை மூடினான். மூடின கண்ணுக்குள் பொந்து தெரிந்தது. புகை போட்டால் தேனீ மயங்கும் என்று ஊரில் சொல்வார்கள். மயங்காது. எத்தனை வருஷம் பார்த்திருக்கிறான், கட்டை விரலளவு தூரத்தில் கண்ணை வைத்து. புகை வாடை வந்ததும் ஒரு கணம் எல்லாம் நின்றுவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகத் தலையை அறைக்குள் விட்டு வயிறு முட்டத் தேனை உறிஞ்சும். காடு எரிகிறது என்று நினைத்துக்கொள்கின்றன, வீடு போகப்போகிறது, தூக்கிக்கொண்டு போக முடிந்ததை வயிற்றில் கட்டிக்கொள்கின்றன. வயிறு நிறைந்த தேனீக்குக் கொட்டத் தோன்றாது. அதற்கு வேறு வேலை இருக்கிறது. எங்கேயோ இன்னொரு பொந்தில் மறுபடி தொடங்க வேண்டும். முன்பல் இல்லாத ஒரு பிள்ளை, தெரு எரியும்போது, எதை வயிற்றில் கட்டிக்கொண்டு போயிருக்கும். ஒரு கோணல் கீற்றை. காக்கைக்காலின் நடுவிரலை. இருபது வருஷம் கொண்டுபோய் ஒரு குடத்தின் மூடியில் அதை அடையாளம் கண்டிருக்கிறது. இவன்தான், புத்தியுள்ள மனுஷன், ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் எரிந்த இடத்தையே சுற்றிச்சுற்றி வந்து பார்த்ததையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தான். முட்டாள் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். ருஸ் பேச்சு புரியாத அந்தப் பெண் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கை தண்ணீரை அள்ளி அவன் மூஞ்சியில் தெளித்தாள். குளிர்ந்த தண்ணீர். கால் நகர்ந்தது. இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் சூடு, நடுவில் குளிர்ந்த மூஞ்சி, இடுப்பில் குடம், கயிற்றுக் கந்தல் ஒன்று நெற்றியைத் தடவியது, சூடு முதுகுக்குப் போயிற்று, போய்விட்டது. குடம் விழவில்லை. அவ்வளவுதானா. திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். ஆள் உயரம்கூட இல்லாத இரண்டு நெருப்பு, பிள்ளைகள் தாண்டி விளையாடுகிற மாதிரி.

அந்த மேய்ப்பனின் கூடாரம் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது, வட்டமாக, கம்பளி போர்த்தி, கதவு தெற்கு பார்த்து. தோக்துர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான், நிலைப்படியை மிதிச்சுடாத, மிதிச்சா குடும்பத்தை மிதிச்ச மாதிரி, பெரிய தலைவன் கூடாரமா இருந்தா தலையே போயிடும். எங்க ஊரிலும் மிதிக்கமாட்டார்கள் என்று ரத்கோ உறுமினான். மிதிக்கக் கூடாது, அதில் உட்காரக் கூடாது, பெண்சாதி இதற்கெல்லாம் ஒரு நீள வரிசை வைத்திருந்தாள். அதற்குள் தோக்துர் குரல் கொடுத்துவிட்டான். கம்பளித் திரை விலகியது. உயரமான பெண். கன்னம் வெயிலில் காய்ந்திருந்தது, தலையில் அவர்கள் கட்டும் கட்டு. ஒன்றும் தெரியவில்லை. மூக்கு யாருடையது, கண் யாருடையது என்று தேடித்தேடிப் பார்த்தான், ஒன்றும் ஒட்டவில்லை, எந்த ஊர்ச் சந்தையிலும் பக்கத்தில் நின்று பேரம் பேசிவிட்டுப் போயிருக்கலாம், தெரிந்திருக்காது. அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் அவன் வீங்கின மூஞ்சியில் நிற்காமல் இறங்கிக் குடத்தில் நின்றது. பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தது, இரட்டைப் பின்னல், இழுத்து வைத்த கண். ரத்கோ குடத்தைத் தூக்கி நீட்டினான். அவள் கை நீண்டது. பாதி வழியில் நின்றது. அப்புறம் சுட்டுக்கொண்டவள் போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்கிறாள். சரி. வேண்டாம் என்றால் வேண்டாம், யார் இவளைக் குறை சொல்ல முடியும். குடம் கையில் கனத்தது. திரும்பிப் போகும்போதும் அந்த நெருப்புக்கு நடுவேதான் போகவேண்டுமா, இல்லை வெளியே போகிறவனுக்கு அழுக்கு இருந்தால் பரவாயில்லையா என்று எங்கோ ஒரு மூலையில் மனசு கேட்டுக்கொண்டது, மனசுக்கு வெட்கமே கிடையாது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தான். தலைக்கு மேலே ஒரு குரல் வந்தது, துருப்பிடித்த கதவைத் திறப்பது போல, ஒவ்வொரு வார்த்தையாக நெம்பி எடுத்துக்கொண்டு, ருஸ் பேச்சில். பெரிய மனுஷியின் குரல், சின்னப் பிள்ளையின் பேச்சு, முன்பல் விழுந்த வயசில் நின்றுபோன பேச்சு.

"நிலைப்படிக்குக் குறுக்க வாங்கக் கூடாது. அம்மா திட்டும்."

ரத்கோ குனிந்தபடியே இருந்தான். அந்தக் காலத்தில் தேனடையை நீட்டிக்கொண்டு அவன் நிலைப்படிக்கு வெளியே நிற்பான், உள்ளேயிருந்து இவள் கையை நீட்டுவாள், அடுப்படியிலிருந்து பெண்சாதி கத்துவாள், குறுக்க கொடுக்காதே, சண்டை வரும், ஒண்ணு நீ உள்ள போ, இல்ல அவ வெளிய வரட்டும். இவள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஒரே தாவாகத் தாவி வெளியே வருவாள். ஒவ்வொரு முறையும். அது இவனுக்கு மறந்தே போயிருந்தது. எரிந்த இடத்தில் இது கிடைக்கவில்லை, எத்தனை முறை சாம்பலை அள்ளியும். இது இங்கே இருந்திருக்கிறது.

"அப்ப நான் உள்ள வரட்டுமா," என்றான். குரல் அவனுக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது.

"வா," என்றாள். "மிதிக்காத."

"தெரியும்," என்றான்.

காலை உயரத் தூக்கினான், தேவைக்கு மேல் உயரத் தூக்கினான். அந்தச் சின்னது அதைப் பார்த்துச் சிரித்தது, முன்பல்லில் ஒன்று இல்லை. உள்ளே இருட்டு, கண் பழக நேரமாயிற்று. பால் பானையின் மேல் ஒரு மூடி கவிழ்ந்திருந்தது, அதில் காக்கைக்கால், அன்றாடம் கைபட்டுக் கருத்துப்போய். குடத்தை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தடவினாள். நடுவில் கல் வட்டத்துக்குள் நெருப்பு இருந்தது, கூடாரத்தின் நடுவே, வேறு எங்கே இருக்கும். உட்காருகிற இடம் அதை ஒட்டித்தான். வெளியே தோக்துர் யாரிடமோ, எங்க கிழவன் வந்திருக்காரு, தேன்காரரு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், எங்க கிழவனாம். ரத்கோ உட்கார்ந்தான். முழங்கால் சூடாயிற்று. அவள் கிண்ணத்தில் தினைக்கஞ்சியை ஊற்றி, குடத்தைத் திறந்து ஒரு கரண்டி தேனை மேலே விட்டு, அவன் கையில் கொடுத்தாள். தேன் ஓரத்தில் உருகிப் பரவியது. ஆடை கட்டட்டும் என்று பழக்கத்தில் கை காத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதி, ஒரு வாய் குடித்தான். நாக்கைச் சுட்டது. இன்னொரு வாய் குடித்தான்.